பழுதும் புதிதும்: மடிக்கணினியை முன்னிட்டு ஒரு தத்துவ விசாரணை

ஏழெட்டு ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த ஒரு மடிக்கணினிக்கு நினைவகத்தைக் கூட்டி, வட்டை மாற்றி, புதிய மின்கலம் பொருத்தி வைத்துக்கொள்வதா, அல்லது அதை விலக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்குவதா என்னும் கேள்வி, பார்வைக்கு வெறும் வரவு செலவுக் கணக்காகவே தோன்றும். கணக்கு என்ற அளவில் அதற்கு விடை காண்பது கடினமன்று. உதிரிப் பாகங்களுக்கு ஆகும் செலவு புதிய கருவியின் விலையில் பாதியை எட்டினால் புதியதையே வாங்கலாம் என்னும் நடைமுறை விதி பெரும்பாலும் போதுமானது. ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்கும்போதே இரண்டு கருத்துகள் ஆராயப்படாமல் ஏற்கப்பட்டுவிடுகின்றன. உறுப்புகள் மாறிய பின்னும் இருப்பது அதே பொருள்தான் என்பது ஒன்று. ஒரு பொருள் எப்போது பழையதாகிறது என்பதை அதை உடையவரே தீர்மானிக்கலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் துணி, தேர், மட்கலம், கோயில் திருமேனி ஆகியவற்றை முன்வைத்து இந்திய மெய்யியல் மரபுகளும் ஒழுக்க நூல்களும் நெடுங்காலம் விவாதித்துள்ளன என்பதால், அந்த விவாதங்களின் துணையோடு மடிக்கணினியைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமற்றதாகாது.

மடிக்கணினி ஒரே பொருளாகக் கையில் எடுக்கப்பட்டாலும், பின்மூடியின் திருகுகளைக் கழற்றியதும் அது பல பொருள்களின் கூட்டமாகவே காட்சி தருகிறது. காற்றுப்போக்கியின் வாயில் கெட்டியாகப் படிந்த தூசி, செயலிக்கும் அதன் வெப்பத்தை இழுத்துச் செல்லும் செம்புக் குழாய்க்கும் இடையே பூசப்பட்டுக் காய்ந்து பொருக்காகிப்போன பசை, நடுவில் உப்பத் தொடங்கிய மின்கலம் என்று முதுமையின் அடையாளங்கள் உறுப்புக்கு ஒன்றாகத் தெரியும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழுதுபார்ப்போர் முதலில் கைவைப்பது, சுழலும் தகட்டில் தரவுகளை எழுதும் பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான். அசையும் பகுதி எதுவும் இல்லாமல் மின்னணுச் சில்லுகளிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யை அதன் இடத்தில் பொருத்தி, நான்கு ஜிபி ரேமை எட்டாகவோ பதினாறாகவோ உயர்த்தினால், இயங்கத் தொடங்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்ட கருவி சில நொடிகளில் விழித்துக்கொள்கிறது. லித்தியம் அயனி மின்கலம் சில நூறு முறை நிரம்பி வடிந்தபின் கொள்திறனை இழப்பது வேதியியலின் இயல்பாதலால், அதை மாற்றுவதைப் பழுது என்று சொல்வதே மிகை. மாற்ற முடியாமல் எஞ்சுவன செயலியும், அதைத் தாங்கும் மதர்போர்டும்தான்.

இவ்வளவும் மாற்றிய பின் மேசை மேல் இருப்பது பழைய கணினியா, புதியதா? நியாய வைசேடிகர் இதற்குச் சொல்லும் விடை எதிர்பாராதது. உறுப்புகளை அவர்கள் அவயவம் என்பர். உறுப்புகளின் சேர்க்கையால் புதிதாகத் தோன்றி, அவற்றினும் வேறாக நிற்கும் முழுமையை அவயவி என்பர். இழைகள் துணியாவதால் இழைகளே துணி ஆகிவிடுவதில்லை. துணி என்னும் தனிப்பொருள் அவற்றில் பிறக்கிறது. ஆகவே ஓர் இழையை உருவினால்கூட முன்னிருந்த துணி அழிந்துவிடுகிறது என்றும், எஞ்சிய இழைகளில் வேறொரு துணி உடனே தோன்றுகிறது என்றும், இரண்டுக்கும் உள்ள ஒப்புமையால் மக்கள் அதையே பார்ப்பதாக எண்ணிக்கொள்கின்றனர் என்றும் இக்கொள்கையின் போக்கில் சொல்ல வேண்டியதாகிறது. இதை ஏற்றால், நினைவகத்தைக் கூட்டுவதும் ஒருவகையில் புதுக்கணினி வாங்குவதே ஆகும். புதுப்பித்தல், மாற்றுதல் என்ற பிரிவு விலைப்பட்டியலில் மட்டுமே மிஞ்சும்.

பௌத்தர் இதற்கு நேர்மாறான திசையிலிருந்து வந்து ஏறத்தாழ அதே இடத்தை அடைகின்றனர். கிரேக்க வழிவந்த மெனாந்தர் அரசனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலில், அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல என்பதும், அவற்றின் கூட்டத்துக்கு அப்பால் தேர் என்று ஒன்று இல்லை என்பதும், உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பதும் நிறுவப்படுகின்றன. தேரே இல்லை என்று நாகசேனர் சொல்லவில்லை. அதன் இருப்பு வழக்கைச் சார்ந்தது என்றே சொல்கிறார். மணிமேகலை பிற சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறிந்து, பின் அறவண அடிகளிடம் பௌத்தத்தைக் கற்கும் பகுதிகளைப் படித்த தமிழ் வாசகருக்கு இந்த வாதங்களின் சூழல் புதிதன்று. மேலை மரபில், பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் அதே கப்பல்தானா என்று புளூட்டார்க் குறித்த ஐயத்தை, கழற்றப்பட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து மற்றொரு கப்பலைக் கட்டினால் எது மூலக்கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் மேலும் கூர்மையாக்கினார். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யு.எஸ்.பி. உறையிலிட்டு வைத்துக்கொள்ளும் வீடுகளில் ஹாப்ஸின் இரண்டாம் கப்பல் பாதி கட்டப்பட்ட நிலையிலேயே இருக்கிறது எனலாம்.

இந்த வாதங்களுள் கணினிக்கு மிக நெருங்கி வருவது சமணருடையது. எந்தப் பொருளும் தோன்றுதல், மறைதல், நிலைத்தல் என்னும் மூன்றையும் ஒரே வேளையில் உடையது என்று சமணர் கொள்வர். நிலைத்து நிற்பதைத் திரவியம் என்றும், மாறிவரும் நிலைகளைப் பர்யாயம் என்றும் பெயரிடுவர். காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் இதற்கு ஒரு சான்று தருகிறார். பொற்குடத்தை உருக்கி முடியாக்கும்போது, குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், முடியை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை மட்டும் விரும்பியவன் இரண்டுமின்றி இருக்கிறான். மூவரின் உணர்ச்சிக்கும் காரணம் உண்டு என்பதால் மூன்று இயல்புகளும் அப்பொருளில் உண்மையாகவே உள்ளன என்பது அவர் முடிபு. மடிக்கணினியை மாற்றும் வேளையில் இந்த மூவரும் ஒரே மனிதருக்குள் இருந்து பேசுகின்றனர். விரல்களுக்குப் பழகிய விசைப்பலகையை இழக்க மனமில்லாதவர் ஒருவர். மெலிந்த புதிய உடலையும் பளிச்சென்ற திரையையும் நாடுபவர் ஒருவர். பத்தாண்டுக் கோப்புகளும் படங்களும் எழுத்துகளும் பத்திரமாக இருந்தால் போதும் என்பவர் ஒருவர். எந்தக் குரல் தம்முடையது என்று அறியாதவரை, விலைப்பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் முடிவு கிட்டாது.

மூன்றாமவர் நாடும் அந்தப் பொன்னைத் தமிழக வரலாறு நன்கு அறியும். 10ஆம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழரின் மனைவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவி, பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக, அதாவது கல்லால் ஆன கோயில்களாக, மாற்றிக் கட்டுவித்தார். திருக்கோடிக்காவலில் அவ்வாறு கட்டியபோது, பழைய கட்டடத்திலிருந்த முந்தைய மன்னர் காலத்துக் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. நிலமும் விளக்கும் கொடுத்தவர்களின் பெயர்கள் கட்டடத்தோடு அழியவில்லை. கோயில் முழுதும் மாறியும் கோயிலின் கடமைகள் தொடர்ந்தன. இதற்கு மாறாக, அண்மைக் காலத் திருப்பணிகள் சிலவற்றில் கற்சுவர்களை மணல்வீச்சால் தூய்மைப்படுத்தி எழுத்துகளை மழுங்கச் செய்த கதையும் உண்டு. கட்டடம் அப்படியே நின்றும் அதன் பொன் போயிற்று.

பொருளின் அடையாளம் பற்றிய கேள்வியை மெய்யியல் இந்த அளவில் விட்டுவிடுகிறது: பொருளில் எது தொடர வேண்டும் என்பது, அதை எதற்காக வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனால் அது பழையதாயிற்று என்று யார் சொல்வது என்னும் இரண்டாம் கேள்வி இதைவிடக் கடினமானது. ஏனெனில் மூப்பில் இரண்டு வகை உண்டு. மின்கலம் தளர்வதும் கீல் ஒடிவதும் தன்னால் வரும் மூப்பு. பொருளில் எந்தக் குறையும் ஏற்படாமலேயே, அதைச் சூழ்ந்த உலகம் மாறுவதால் அதன்மேல் விழுவது சார்பால் வரும் மூப்பு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதன் பின்வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியையும் கேட்பதால், 2017இல் வரத் தொடங்கிய இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் பெரும்பாலானவை அதன் பட்டியலுக்கு வெளியே நின்றன. முதல் நாள் இரவு வரை குறைவின்றி இயங்கிய கருவி, மறுநாள் காலையிலும் குறைவின்றியே இயங்கியது. ஆயினும் அது பழையதாகிவிட்டிருந்தது. லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் அதே கருவி மீண்டும் இளமை பெறுவதிலிருந்தே, அந்த மூப்பு அதனுடையதன்று என்பது விளங்கும்.

உடையவரின் ஆசையும் இத்தகைய சார்பு மூப்பை உண்டாக்கும் என்பதைப் பௌத்தத் துறவற விதிகளின் தொகுப்பான வினய பிடகம் மிக நுட்பமாகக் கண்டிருக்கிறது. பிக்குகளுக்கு மண்ணாலோ இரும்பாலோ ஆன ஒரே ஒரு பிச்சைப் பாத்திரம்தான் உடைமை. ஐந்து ஒட்டுகளுக்குக் குறைவாகப் போடப்பட்ட பாத்திரத்தை வைத்திருக்கும் பிக்கு புதிய பாத்திரத்தைக் கேட்டுப் பெற்றால், அது பொருளைத் துறந்து கழுவாய் தேட வேண்டிய குற்றமாகும். எது ஒட்டு என்பதையும் நூல் அளந்து வைத்திருக்கிறது. இரண்டு விரலளவு நீளம் இல்லாத விரிசலை ஒட்டுப் போடத்தக்க விரிசலாகவே அது கருதவில்லை. குற்றம் செய்தவர் புதிய பாத்திரத்தைச் சங்கத்தின் முன் வைத்துவிட வேண்டும்; அது மூத்தவர் முதல் இளையவர் வரை முறையாக நீட்டப்படும்; விரும்பியவர் அதை எடுத்துக்கொண்டு தம்முடையதைக் கீழே தள்ள, இறுதியில் எவருக்கும் வேண்டாமல் எஞ்சும் பாத்திரம், உடையும்வரை வைத்துக்கொள்ளும்படி குற்றம் செய்தவரிடமே தரப்படும்.

இந்த விதி பிறந்த கதைதான் அதைவிடக் கவனத்துக்குரியது. கபிலவத்துவில் ஒரு குயவர், பாத்திரம் வேண்டும் பிக்குகளுக்குத் தருவதாக முன்வந்தார். சிறிய பாத்திரம் உடையவர்கள் பெரியதைக் கேட்டனர். பெரியதை உடையவர்கள் சிறியதைக் கேட்டனர். குயவரோ அவற்றைச் செய்துகொடுப்பதிலேயே பொழுதெல்லாம் போக்கி, விற்பனைக்கு வேறு கலம் வனைய முடியாமல், மனைவி மக்களோடு வறுமையுற்றார். ஊரார் குறைகூறியதன் பின்னரே கட்டுப்பாடு வந்தது. பின்பு பாத்திரம் உடைந்தவர்களுக்காக அது தளர்த்தப்பட்டபோது, சிறு கீறலையே காரணம் காட்டிப் பலர் புதியவை கேட்கத் தொடங்கியதால், ஐந்து என்னும் எண் குறிக்கப்பட்டது. துறவியின் எளிமையை வளர்ப்பதற்காக மட்டும் இவ்விதி எழவில்லை, செய்பவரின் முதுகு முறியாதிருக்க வேண்டும் என்பதற்காகவும் எழுந்தது. மடிக்கணினியைச் செய்பவர் கண்ணுக்குத் தெரியும் குயவர் அல்லர். மின்கலத்துக்கு வேண்டும் கோபால்ட்டின் பெரும்பங்கு காங்கோ சனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது, அங்கு கைக்கருவிகளோடு குழிதோண்டுவோரில் சிறுவர்களும் இருந்துள்ளனர். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியுமிழ்வில் பெரும்பகுதி, அது வாங்குபவர் கையை அடைவதற்கு முன்பே, செய்யப்படும்போதே உமிழப்பட்டுவிடுகிறது. குயவரின் வறுமையை ஊரார் கண்டனர். இதைக் காண்பதற்கு ஊர் இல்லை.

எண்ணால் வரம்பு கட்டியதில் மற்றொரு மதிநுட்பமும் உண்டு. ‘உண்மையில் தேவைப்படும்போது’ என்று விதி சொல்லியிருந்தால், தேவையைக் கண்டுபிடிப்பதில் மனித மனத்துக்கு நிகர் வேறில்லை. ஐந்து ஒட்டு என்பது மனத்துக்கு வெளியே, எவரும் எண்ணிப் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்கிறது. 2021 முதல் பிரான்சில் மடிக்கணினி உள்ளிட்ட கருவிகளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு விற்க வேண்டும் என்று சட்டமிருப்பது, இதே முறையை அரசின் வழியில் செய்து பார்ப்பதாகும். எண்ணிக்கை வந்ததும் வாதம் அடங்குகிறது.

ஐந்தாம் ஒட்டுக்குப் பின் புதியதைக் கேட்பதில் குற்றமில்லை என்பதும் அவ்விதியின் பகுதியே. பழையதைப் பிடித்துவைத்திருப்பதும் பற்றுதான். ஆறாம் ஒட்டுக்குப் புண்ணியம் எதையும் வினயம் அறிவிக்கவில்லை. சைவ ஆகமங்களின் நிலையும் இதற்கு அணுக்கமானது. சீரணோத்தாரணம், அதாவது பழுதுற்றதை மீட்டெடுத்தல், என்னும் பகுதியில் அவை திருமேனியின் முதன்மை உறுப்பு சிதைந்ததா, சிற்றுறுப்பு சிதைந்ததா என்று பிரித்துப் பார்க்கின்றன. சிற்றுறுப்பின் குறையைச் சீர்செய்யலாம். முதன்மை உறுப்பு சிதைந்தால் தெய்வ ஆற்றலை நீர்க்குடத்துக்கு இறக்கி, கல்லாயின் ஆழ்நீரிலும் மரமாயின் தீயிலும் பழைய திருமேனியை உரிய சடங்கோடு சேர்க்க வேண்டும். தானே தோன்றிய சுயம்புலிங்கத்துக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. கெட்டதை வைத்து வழிபடுவதும், கெடாததை அகற்றுவதும் ஒருசேரக் குற்றமாகின்றன. மதர்போர்டு எரிந்துபோன கணினிக்காக மாதக்கணக்கில் அலைபவர் முன்னதையும், ஹார்ட் டிஸ்க் மட்டும் தளர்ந்த கணினியைத் தூக்கி எறிபவர் பின்னதையும் செய்கின்றனர்.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. பழுதுபார்த்து வாழுங்கள் என்னும் அறிவுரை, ஆண்டுக்கொரு கருவி வாங்க வல்லவர்களின் வாயிலிருந்து, ஒரே கருவியால் பிழைப்பவர்களை நோக்கி வரும்போது கசப்பானதாகிவிடுகிறது. படத்தொகுப்பு செய்து கூலி பெறுபவருக்கு நாளில் இரண்டு மணி நேரத்தை விழுங்கும் கணினி, சிக்கனம் அன்று, வருமான இழப்பு. அதுபோலவே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் பிறருடைய கணக்குகளையும் அடையாள ஆவணங்களையும் வைத்திருப்பவர், தம் எளிமைக்கான விலையைப் பிறரைக் கொடுக்கச் செய்கிறார். அறத்தின் பெயரால் இவர்களைத் தடுப்பதற்கு வினயத்திலோ ஆகமத்திலோ இடமில்லை. முதன்மை உறுப்பு எது என்பதை அவரவர் தொழிலே காட்டும்.

விலக்குவது என்று முடிவான பிறகும் கடமை தொடர்கிறது. வினய பிடகத்தின் சுள்ளவக்கத்தில், ஐந்நூறு மேலாடைகளைக் கொடையாகப் பெற்ற ஆனந்தரை, இத்தனையையும் என்ன செய்வீர் என்று உதயணன் என்னும் அரசன் ஐயத்தோடு கேட்கிறான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்று விடை வருகிறது. கிழிந்த பழையவற்றை? விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? மெத்தையுறையாக்குவோம். இப்படியே தரைவிரிப்பு, கால்துடைப்பான், தூசித்துணி என்று இறங்கி, கடைசியில் அதை நைத்துச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்பதில் கேள்வி நிற்கிறது. மனநிறைவுற்ற அரசன் மேலும் ஐந்நூறு ஆடைகளைக் கொடுக்கிறான். கழற்றிய ரேமும் திரையும் மற்றொரு கணினிக்குச் செல்வதும், வேகம் போதாத கருவி பள்ளிப்பிள்ளைக்குப் போதுமானதாவதும் இந்த வரிசையின் முதற்படிகள். ஆனால் கடைசிப்படி இன்று எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். உலகம் 2022இல் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகத் திரட்டப்பட்டு மறுசுழற்சியானதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். எஞ்சியவற்றில் ஒரு பகுதி டெல்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில், செம்புக்காகக் கம்பிகளை எரிப்போரின் புகையிலும், தங்கத்துக்காக மின்பலகைகளை அமிலத்தில் முக்குவோரின் கைகளிலும் போய் முடிகிறது. மின்னணுக் கழிவுகளுக்கான 2022ஆம் ஆண்டின் இந்திய விதிகள் மறுசுழற்சியின் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கருவியைச் சேர்த்தால்தான் அந்தப் பொறுப்புக்குப் பொருள் உண்டு.

இவ்வளவு விசாரணைக்கும் பின் ஒன்று தெளிவாகிறது. கோயில்களில் மூலத்திருமேனி பீடத்தோடு நிலையாக இறுக்கப்படுவதில்லை; கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டையும் இடித்துச் சேர்த்த அட்டபந்தன மருந்தால் பொருத்தப்படுகிறது; ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் அது தளரும் என்பதை அறிந்தே, குடமுழுக்கின்போது அதை எடுத்துப் புதிதாகச் சாத்துகின்றனர். தேய்வதைத் தேயாததிலிருந்து பிரித்துவைத்த அமைப்பு அது. கடந்த பத்தாண்டுக்கு மேலாக வரும் மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் இதற்கு நேர்மாறாக, ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டும், மின்கலம் உடலோடு பசையிட்டு ஒட்டப்பட்டும் வருகின்றன; அவற்றை வாங்கியவர் எட்டாண்டு கழித்துப் புதுப்பிப்பதா மாற்றுவதா என்று எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, அந்த முடிவு தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே இக்கேள்வியை மெய்யாகவே கேட்க விரும்புவோர் அதை வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டும்: ரேமுக்குத் தனிச் செருகுவாய் உண்டா, எஸ்.எஸ்.டி.யைக் கழற்ற முடியுமா, மின்கலம் திருகால் நிற்கிறதா பசையால் நிற்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு, விடை சொல்லத் தெரியாத கடையில் வாங்காதிருப்பதே முறை.